'விற்றால் பணம், விற்காவிட்டால் படம்': கேலரிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி, 6 ஜனவரி 2026

சென்னையில் ஒரு கேலரி என்னுடைய 14 ஓவியங்களைக் கேட்டிருக்கிறது. அவர்கள் அனுப்பிய கடிதம் ஒரே பக்கம். 'விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பிக் கொடுப்பது என்ற அடிப்படையில் 90 நாட்களுக்குப் பெற்றுக்கொள்கிறோம். கமிஷன் 40 சதவீதம்.' சாரம் அவ்வளவுதான். எல்லோருக்கும் இந்தக் கடிதம்தான் என்கிறார்கள். கமிஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

6 ஜனவரி, இரவு

கமிஷனை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதல் வாக்கியத்தை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படத்தைக் கேலரியில் விட்டுவைப்பதற்குச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று முகவர் வழி. கோயம்பேடு மண்டிக்கு வெங்காயம் ஏற்றிவிடுகிற விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை மண்டியில் கிடந்தாலும் சரக்கு விவசாயியுடையது. மண்டிக்காரர் விற்றுக் கொடுத்துத் தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறார். இன்னொன்று, பிடித்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் திருப்பிக் கொடு என்று வாங்குபவரிடமே சரக்கைக் கொடுப்பது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இந்த இரண்டாவது வகைக்கானது. குறித்த கெடுவுக்குள் 'வேண்டாம்' என்று தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால், கெடு முடிகிற அன்று உடைமை வாங்கியவருக்குப் போய்விடும். கெடுவே போடவில்லை என்றால், நியாயமான காலம் கழிந்ததும் போகும்.

உங்கள் கடிதத்தின் சொற்கள் இந்த 24ஆம் பிரிவின் சொற்களுக்கு மிக நெருக்கமாக இருக்கின்றன. 91ஆம் நாள் 14 படமும் கேலரியின் சொத்து என்று யாராவது வாதாட இடம் இருக்கிறது. 'அப்படியானால் எனக்குப் பணம் வர வேண்டுமே' என்று தோன்றும். வர வேண்டியதுதான். ஆனால் அப்போது நீங்கள் படத்தின் சொந்தக்காரர் இல்லை, கேலரியிடமிருந்து பணம் வர வேண்டியவர்களில் ஒருவர் மட்டுமே. கேலரி நொடித்துப்போனால் கட்டடச் சொந்தக்காரர், வங்கி, மின்வாரியம் எல்லோரோடும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நீதிமன்றம் முழு ஏற்பாட்டையும் பார்த்துத்தான் முடிவு சொல்லும் என்பது உண்மை. ஒரு பக்கக் கடிதத்தில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'இணைப்பில் கண்ட ஓவியங்களை ஓவியரின் முகவராக மட்டுமே கேலரி பெற்றுக்கொள்கிறது. வாங்குபவர் முழு விலையையும் செலுத்தும்வரை உடைமை ஓவியரிடமே இருக்கும். எந்தக் கெடு முடிந்தாலும் உடைமை கேலரிக்கு மாறாது.' மூன்றாவது வாக்கியத்தைத் தேவையில்லை என்று எடுக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள், 24ஆம் பிரிவை மறிக்கிற வரி அதுதான்.

7 ஜனவரி

படத்துக்குச் சொன்னது பணத்துக்கும் பொருந்தும். படம் விற்ற நிமிடத்தில் உங்கள் உடைமை ரூபாயாக மாறி கேலரியின் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. அங்கே வாடகைப் பணத்தோடும் சம்பளப் பணத்தோடும் கலந்துவிட்டால் எது உங்களுடையது என்று பிரித்துக் காட்ட முடியாது.

நியூயார்க் மாநிலம் 1966இலேயே இதற்கென்று சட்டம் போட்டது. சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கிய அதே ஆண்டு. ஓவியர் கொடுத்த படமும் அதை விற்ற பணமும் கேலரியின் கையில் இருக்கும் அறக்கட்டளைச் சொத்து, அதாவது ஓவியருக்காக நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கும் சொத்து என்பது அதன் சாரம். அப்படியொரு சட்டம் இருந்தும் 2007இல் அங்கே சாலண்டர் ஓரைலி கேலரி மூடப்பட்டபோது, அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸின் மகன் நம்பி ஒப்படைத்திருந்த அப்பாவின் படங்களில் பல, அவருக்குத் தெரியாமலே விற்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. பணம் வேறு செலவுகளில் கரைந்திருந்தது. கேலரி உரிமையாளருக்கு 2010இல் 6 முதல் 18 ஆண்டு வரை சிறைத் தண்டனை. அதற்குப் பிறகுதான், 2012இல், பணத்தைக் கலக்கவே கூடாது என்று அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள்.

நம்மிடம் ஓவியருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் கைகொடுக்கும். 213: கேட்டால் முகவர் கணக்குக் காட்ட வேண்டும். 218: முதலாளிக்காக (இங்கே ஓவியருக்காக) வாங்கிய பணத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை நாளில் என்று 218 சொல்லவில்லை. அதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். வாங்குபவரின் பணம் கணக்கில் ஏறிய நாளிலிருந்து 15 நாள் என்று கேளுங்கள், 30க்கு மேல் போகாதீர்கள். 'காட்சி முடிந்த பின்' என்ற சொல்லுக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. காட்சியை நீட்டிக்கொண்டே போகலாம்.

8 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கேலரி கம்பெனியா, தனி ஆளின் கடையா என்று முதலில் விசாரியுங்கள். கம்பெனி என்றால் 2016ஆம் ஆண்டு திவால் சட்டம், பிறருக்குச் சொந்தமாகி அதன் கையில் இருக்கும் பொருளைக் கம்பெனியின் சொத்தில் சேர்ப்பதில்லை. தனி ஆள் என்றால் சென்னை நகருக்கு இன்னும் 1909ஆம் ஆண்டு மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டம்தான். பார்ப்பவர்கள் அவருடையது என்றே நினைக்கும்படி, உங்கள் சம்மதத்தோடு, வியாபாரத்தில் அவர் கையில் இருக்கும் சரக்கு அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போக அதில் வழி உண்டு. அறக்கட்டளையாக வைத்திருக்கும் பொருளுக்கு விலக்கு. ஆகவே 'ஓவியருக்காக அறக்கட்டளையாக வைத்திருக்கிறோம்' என்ற சொல் ஒப்பந்தத்தில் வரட்டும். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் 'ஓவியரின் உடைமை' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். சுவரில் இருக்கும் பெயர்ச்சீட்டிலும் அது இருந்தால் இன்னும் நல்லது.

9 ஜனவரி

தள்ளுபடி பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'கேலரிக்காரர் 10 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் யார் தலையில் விழும்?' ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் விழும். 'கமிஷன் 40 சதவீதம்' என்று மட்டும் இருந்தால் எதன்மேல் 40 என்ற சண்டை வரும்.

பட்டியல் விலை 1,20,000. 10 சதவீதம் தள்ளி 1,08,000க்குப் போகிறது. விற்ற விலையின்மேல் கமிஷன் என்றால் கேலரிக்கு 43,200, உங்களுக்கு 64,800. இருவரும் அவரவர் பங்குக்குத் தக்கபடி குறைத்துக்கொள்கிறீர்கள். பட்டியல் விலையின்மேல் கமிஷன் என்றால் கேலரி 48,000 எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு 60,000. தள்ளுபடி 12,000 முழுக்க உங்கள் கையிலிருந்து. தள்ளுபடி கேலரியின் பங்கிலிருந்துதான் என்றால் உங்களுக்கு 72,000, கேலரிக்கு 36,000.

நடுவழி ஒன்று நன்றாக ஓடுகிறது: 10 சதவீதம் வரை கேலரி கேட்காமலே தள்ளலாம், அதைச் சரிபாதி பகிர்ந்துகொள்வது; அதற்கு மேல் என்றால் ஓவியரின் எழுத்து மூலமான சம்மதம், வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். மியூசியம் கேட்டால் என்ன, தெரிந்தவர் கேட்டால் என்ன என்று தனித்தனியாக எழுதத் தேவையில்லை.

ஃபிரேம் செலவை மறந்துவிடுகிறோம். 6,500 ரூபாய் ஃபிரேம் உங்கள் செலவு என்று வையுங்கள். 1,08,000இலிருந்து முதலில் 6,500ஐக் கழித்து மிச்சத்தைப் பிரித்தால் உங்களுக்கு 60,900உம் ஃபிரேம் காசு 6,500உம் சேர்ந்து 67,400. கழிக்காமல் பிரித்தால் 64,800. ஃபிரேமின்மேலும் கேலரி 40 சதவீதம், அதாவது 2,600 ரூபாய், எடுத்திருக்கிறது. வெண்கலச் சிற்பத்தில் வார்ப்புச் செலவே பெரிய தொகை. அங்கே 'செலவைக் கழித்த பிறகே பிரிப்பது' என்ற வாக்கியம் இல்லாவிட்டால் சிற்பிக்குக் கைக்காசு போய்விடும்.

9 ஜனவரி, இரவு

மேலே 64,800 என்று எழுதினேன். அது கைக்கு வரும் தொகை இல்லை, திருத்திக்கொள்ளுங்கள். கமிஷன் ஒரு சேவை. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 43,200க்கு 7,776. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் அதைத் திரும்ப வரவு எடுக்க முடியாது, கைக்கு வருவது 57,024. உண்மையில் நீங்கள் கொடுக்கும் கமிஷன் 47.2 சதவீதம். 'கமிஷன் 40 சதவீதம், வரி உட்பட' என்று இரண்டே சொல் சேர்த்தால் இது தீரும். 40ஐ 35 ஆக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட இதைக் கேட்பது எளிது, லாபமும் கூட.

12 ஜனவரி

ஜிஎஸ்டி என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஓவியத்தின்மேல் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. ஓவியர் பதிவு செய்தவர் என்றால், விற்காத படத்தை கேலரிக்கு அனுப்புவதே 'வழங்கல்' (ஜிஎஸ்டி விழும் கைமாற்றம்) ஆகுமா என்பதுதான் சிக்கல். முகவர் ஓவியருக்காகச் சரக்கை விற்பவர் என்றால், அவரிடம் சரக்கு போன அன்றே வழங்கல் என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. பில் யார் பெயரில் என்பதே உரைகல் என்று 2018 செப்டம்பரில் வந்த 57ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. எனவே கேலரி தன் பெயரில் பில் போட்டால் அனுப்பும்போதே வரி கட்ட நேரிடலாம்.

13 ஜனவரி

நேற்றைய குறிப்பு பாதி தவறு. ஓவியர்களுக்கென்றே ஒரு சுற்றறிக்கை இருக்கிறது, 22/22/2017, தேதி 2017 டிசம்பர் 21. காட்சிக்காகக் கேலரிக்கு அனுப்பும்போது கேலரியிடமிருந்து ஓவியருக்குப் பணம் எதுவும் வருவதில்லை, ஆகவே அது வழங்கல் இல்லை. வாங்குபவர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் வழங்கல், அப்போதுதான் வரி என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. படத்தை டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு) போட்டு அனுப்பலாம், தேவைப்பட்டால் ஈ-வே பில்லோடு (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி மின்சீட்டு).

அப்படியானால் 57ஆம் எண்? பில்லை ஓவியர் பெயரில் போடச் செய்துவிட்டால் இரண்டு சுற்றறிக்கையும் ஒரே பக்கம் வந்துவிடும். பதிவு செய்த ஓவியருக்கு அதுதான் என் ஆலோசனை. உங்கள் ஆடிட்டரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

சலான் மூன்று படி: பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் ஒரு லட்சம் வரை ஈ-வே பில் வேண்டாம். மாநிலம் தாண்டினால் 50,000க்கு மேல் வேண்டும்.

17 ஜனவரி

பொங்கல் முடிந்தது, படங்கள் கிளம்பப் போகின்றன என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இணைப்புப் பட்டியல் தயாரா? ஒரு படத்துக்கு ஒரு வரி: தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம் அகலம் ஆழம் (உயரம்தான் முதலில்), ஃபிரேம் உண்டா, பட்டியல் விலை, உங்களுக்கு வரவேண்டிய குறைந்தபட்சத் தொகை. 'பல்வேறு ஓவியங்கள், எண்ணிக்கை 14' என்று எழுதிய பட்டியல் எந்த வழக்கிலும் நிற்காது.

நிலைக் குறிப்பு பட்டியலைவிட முக்கியம். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, கையெழுத்து என்று ஒவ்வொன்றையும் தனியாகப் படம் எடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் படத்தின் இடது ஓரத்தில், பரப்பை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த இடத்தில் கித்தானின் தொய்வும், சட்டக்கட்டை உள்ளிருந்து அழுத்திய கோடும், வண்ணம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் செதிலும் நிழலோடு எழுந்து நிற்கும். அந்தக் கோணத்திலும் ஒன்று எடுத்துவையுங்கள். திரும்பி வரும்போது இதே கோணத்தில் எடுத்ததைப் பக்கத்தில் வைத்தால் புதிய காயம் எது, பழையது எது என்று பேச்சே வராது.

கட்டும் முறை: அக்ரிலிக் பரப்பு காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் அதில் நேராகப் பட்டால், மே மாத வண்டிக்குள் வட்ட வட்டமாக அச்சு விழும், போகாது. முதலில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள், அதன்மேல் குமிழ் வெளியே பார்க்க பபிள் ராப், மூலைக்கு நுரைக் காப்பு, பிறகு அட்டை. இரண்டு படத்தை முகத்தோடு முகம் வைக்காதீர்கள். ஏசி அறைக்குப் போன பெட்டியை ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். சட்டென்று பிரித்தால் கண்ணாடியின் உட்பக்கம் வியர்க்கும், காகிதப் படத்துக்குப் பூஞ்சை அங்கிருந்துதான் வருகிறது.

பெறும் இடத்தில் கேலரி 48 மணி நேரத்துக்குள் நிலைக் குறிப்பில் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல நிலையில் பெற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி போடுங்கள்.

21 ஜனவரி

காப்பீடு. 'கேலரியில் எல்லாம் இன்ஷ்யூர் பண்ணியிருக்கிறோம்' என்பது பதில் ஆகாது. ஒப்பந்தச் சட்டம் 151, 152: பிறர் பொருளை வைத்திருப்பவர் ஒரு சாதாரண விவேகி தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டால் போதும், அதன்பிறகும் கெட்டுப்போனால், தனி ஒப்பந்தம் இல்லாத வரை, அவர் பொறுப்பில்லை. அந்தத் தனி ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ள வேண்டும்: 'பெற்றது முதல் திருப்பிக் கொடுக்கும்வரை, காரணம் எதுவானாலும், இழப்புக்குக் கேலரி பொறுப்பு. தொகை, இணைப்பில் கண்ட ஓவியரின் பங்கு.'

பாலிசியின் நகலை வாங்கிப் பாருங்கள். வெள்ளம், புயல் சேர்த்திருக்கிறதா? 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னையில் இதைக் கேட்காமல் தரைத்தளத்தில் படம் வைக்கலாமா? மொத்தக் காப்பீட்டுத் தொகையையும் பாருங்கள். கூடத்தில் 50 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கும்போது 20 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், விகிதக் கழிவு போட்டு உங்கள் 1,20,000 படத்துக்கு 48,000தான் வரும்.

22 ஜனவரி

இன்னொரு வரி: 'கேலரிக்குப் பிடிமான உரிமை கிடையாது.' கமிஷனோ செலவோ பாக்கி என்றால் அது கிடைக்கும்வரை படத்தைப் பிடித்துவைக்க முகவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 221ஆம் பிரிவு உரிமை தருகிறது. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது மட்டுமே. திறப்புவிழாச் செலவு, கேட்லாக் அச்சிட்ட செலவு என்று காட்சி முடிந்த பின் ஒரு பில் வந்து, படம் உள்ளே சிக்கிக்கொள்வது இந்த வழியில்தான்.

28 ஜனவரி

பதிப்புரிமை பற்றி ஒருவர் கேட்டதால் கொஞ்சம் விலகிப் போகிறேன். படத்தை விற்றால் பதிப்புரிமையும் போய்விடாது; எழுத்தில் கையெழுத்திட்டு ஒப்படைத்தால்தான் போகும். கேலரிக்கு விளம்பரத்துக்கும் கேட்லாகுக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள், அச்சுப்படி விற்க அல்ல.

கேலரி மூலமாக 'இந்த அளவில், இந்த நிறத்தில் ஒன்று வரைந்து கொடுங்கள்' என்று வரும் வேலையில் கவனம் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் பதிப்புரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அதோடு 53ஏ பிரிவின் மறுவிற்பனைப் பங்கும் போகும். 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியத்தில், 10 சதவீதத்தைத் தாண்டாத ஒரு பங்கு, முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ உண்டு. நடைமுறையில் இதை வாங்குவது பெரும்பாடு. ஆனாலும் உரிமையை ஏன் கைநழுவ விட வேண்டும்?

3 பிப்ரவரி

முதல் குறிப்புக்குத் திரும்புகிறேன். உடைமை உங்களிடமே என்று எழுதிவிட்டால் எல்லாம் காப்பாகிவிடும் என்ற தொனி அதில் இருக்கிறது. அப்படி இல்லை. உங்கள் சம்மதத்தோடு படத்தை வைத்திருக்கும் வியாபார முகவர், வழக்கமான வியாபாரமாக, நல்லெண்ணத்தோடு வாங்கும் ஒருவருக்கு விற்றால் அந்த விற்பனை செல்லும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம் 27. குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்றிருந்தாலும் வாங்கியவரிடமிருந்து படத்தைப் பிடுங்க முடியாது. கேலரிமேல்தான் வழக்கு. பணத்தையே கொடுக்காமல் சாப்பிட்டுவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடி. முகவர் செய்தால் தண்டனை கூடுதல். கணக்குக் கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். ஆகவே கணக்கை எழுத்தில் கேளுங்கள், தேதியோடு.

கேலரி தானே வாங்கிக்கொள்வதும் நடக்கும். குறைந்த விலைக்குத் தன் பெயரிலோ உறவினர் பெயரிலோ வாங்கி, சில மாதம் கழித்து ஏற்றி விற்பது. ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216 பிரிவுகள் அதைத் தடுக்கும், ஆனால் உங்களுக்குத் தெரிய வந்தால்தானே? வாங்குபவர் யார் என்பது அதனால்தான் முக்கியம்.

10 பிப்ரவரி

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி: கேலரி உடைமை வாக்கியம், அறக்கட்டளை வாக்கியம், 30 நாள் கெடு, 'வரி உட்பட' எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டது. வாங்குபவர் பெயரைத் தர மட்டும் மறுக்கிறது. 'பெயர் தெரிந்தால் அடுத்த முறை நேராக உங்களிடம் வந்துவிடுவார்கள்' என்கிறதாம்.

அவர்கள் பயம் நியாயமானது, வாடிக்கையாளர்தான் கேலரியின் மூலதனம். பயத்துக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பெயரைக் கேளுங்கள்: 'கேலரி அறிமுகப்படுத்தியவர் காட்சி முடிந்து ஆறு மாதத்துக்குள் ஓவியரிடம் நேராக வாங்கினால் கமிஷனில் பாதி கேலரிக்கு.' பதிலுக்கு, ஒவ்வொரு விற்பனைக்கும் பணத்தோடு ஒரு தாள்: படம், தேதி, விற்ற விலை, கமிஷன், வரி, வாங்குபவர் பெயர், ஊர். முகவரியும் போன் எண்ணும் வேண்டாம். இருபது வருடம் கழித்து உங்கள் மொத்தப் படைப்புகளின் காட்சி ஒன்றுக்குப் படங்களைத் தேடும்போது பெயரும் ஊரும் போதும்.

இதற்கும் மறுத்தால் 14ஐயும் அனுப்பாதீர்கள், நான்கு அனுப்புங்கள். 90 நாளில் கணக்கு எப்படி வருகிறது என்று பார்த்து மீதியை முடிவு செய்யலாம். நான்குக்கும் இதே ஒப்பந்தம், இதே இணைப்பு, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் சேர்த்து.